மின்னூலில் இல்லாத ஒன்பதாம் அத்தியாயம்

மெணசினகாயி என்றால் கன்னடத்தில் மிளகாய். அது எங்கள் எதிர்வீட்டு நீலாம்பிகாவின் குடும்பப் பெயர். பள்ளிக்கூடத்தில் ட்ராயிங் டீச்சராக இருந்தவரைக்கும் அவளை “மிளகாய் டீச்சர்” என்றுதான் பெண்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அவளுக்கும் தெரியும். “பேருதான் காரம். கையில இருக்கறது வெறும் வாட்டர் கலர்” என்று சிரிப்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தார்வாடு சப்தாபூரில் சின்ன வீடு, முன்னால் ஒரு சம்பங்கிக் கொடி, உள்ளே ஊர்ப்பட்ட வண்ணக் குப்பிகள். நான் அவளை நீலக்கா என்று கூப்பிடுவேன்.

ஓய்வு பெற்ற வருஷம் லைன் பஜார் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தாள். கூடப் படித்ததெல்லாம் காலேஜ் பிள்ளைகள். கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கற்றுக்கொள்ள வந்தவர்கள்.

“அஜ்ஜி, நீங்க யாருக்குப் பத்திரிகை அடிக்கப் போறீங்க? உங்களுக்கா?” என்று ஒருத்தன் கேட்டானாம்.

“மாப்பிள்ளை கிடைச்சா சொல்றேன், நீ வந்து பரிமாறு” என்று சொல்லிவிட்டுப் பக்க வடிவமைப்பைக் கற்றுக்கொண்டாள்.

அவள் அடித்தது புத்தகம். ‘கரிமண் வீடு’ என்று தலைப்பு. நவலகுந்து பக்கம் கும்மகோளி என்ற ஊரில் அவள் வளர்ந்த வீட்டின் கதை. எழுதியது, பக்கம் பிரித்தது, ஓரத்தில் சின்னச் சின்னப் படம் போட்டது, அட்டை வரைந்தது எல்லாம் அவளேதான். பதிப்பகம் என்று யாரும் இல்லை. எழுதுகிறவளே பக்கமும் போடுவதில் ஒரு சுகம் உண்டு என்பாள். ஒரு பத்தியின் கடைசி வரி மட்டும் தனியாக அடுத்த பக்கத்துக்கு ஓடிப்போனால் மற்றவர்கள் எழுத்தைக் குறுக்குவார்கள், இடைவெளியை நெருக்குவார்கள். இவள் வாக்கியத்தையே மாற்றி எழுதிவிடுவாள். “என் வாக்கியம். நான் மாத்தினா யாரு கேக்கறது?” உள்ளோரத்தில் நிறைய இடம் விட்டாள். பிடித்துப் படிக்கிறவர்களின் கட்டைவிரல் எழுத்தின்மேல் விழக்கூடாதாம்.

ஒன்பதாம் அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு முழுப் பக்கம் வெறுமையாக விட்டிருந்தாள். ஹூப்ளி அச்சகத்துக்காரர் அதைத் தவறு என்று நினைத்துத் தொலைபேசியில் கூப்பிட்டார். அப்போது நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

“மேடம், இங்க ஒரு பக்கம் காலியா இருக்கு. மேட்டர் விட்டுப் போச்சா?”

“விட்டுப் போகல. அப்படியே அடிங்க.”

“வீணாப் போகுதே?”

“படிக்கிறவங்க அங்க கொஞ்சம் மூச்சு விட்டுக்கட்டும்.”

அந்த அத்தியாயத்தின் பெயர் ‘மத்தியான பஸ்’. அதற்காகத்தான் அவள் மொத்தப் புத்தகத்தையும் எழுதினாள் என்று எனக்குத் தோன்றும். மற்ற அத்தியாயங்களில் சோளக்கதிர் வறுத்துத் தின்றது, ‘அவ்வா’ என்று அவர்கள் கூப்பிடும் அம்மா ரொட்டி தட்டும் சத்தம், குருசித்தப்பா என்ற பெயருள்ள அப்பா எருது ஓட்டப் போட்டியில் தோற்றுவிட்டு எருதிடம் கோபித்துக்கொண்டது என்று படிக்கப் படிக்கச் சிரிப்பு வரும். குருசித்தப்பா ஊரில் பெரிய மனிதர். பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்தவர். அந்தப் பள்ளிக்கு அவர் பெயர்தான் இருக்கிறது.

ஒன்பதாம் அத்தியாயத்தில் மூத்த பெண் லீலக்கா வருகிறாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத லீலக்கா, ஒரு துணிப்பையோடு மத்தியான பஸ்ஸில் வந்து இறங்குகிறாள். முழங்கைக்குக் கீழே சுட்ட புண். “இங்கயே இருந்துடறேன் அவ்வா” என்கிறாள். அஞ்சு வயதுத் தம்பி சங்கமேஷ் தோட்டத்துக்கு ஓடிப்போய் அப்பாவிடம் அக்கா வந்திருக்கிறாள் என்று சொல்கிறான். அப்பா வருகிறார். பெண்ணை வாசல்படி ஏறவிடவில்லை. அந்த பஸ் கடைசி ஊர் வரைக்கும் போய்த் திரும்பி வரும். வந்தபோது அதே பஸ்ஸில் அவளை ஏற்றி அனுப்பிவிடுகிறார். அவள் ஒரு சொம்புத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாலை வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போனது பதின்மூன்று வயது நீலாம்பிகா. அந்த மழைக்காலத்திலேயே லீலக்கா புருஷன் வீட்டுக் கிணற்றில் கிடந்தாள். தவறி விழுந்துவிட்டாள் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பாவும் ஊருக்கு அப்படியே சொன்னார்.

புத்தகம் முன்னூறு பிரதிதான் அடித்தாள். தெரிந்தவர்கள், பழைய மாணவிகள், நாலைந்து நூலகங்கள் என்று போய்ச் சேர்ந்தது. தம்பி சங்கமேஷ் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் பெரிய இடத்தில் இருந்தான். அவனுக்கும் ஒரு பிரதி போயிற்று. தார்வாடில் காலேஜ் படித்ததெல்லாம் நீலக்காவின் வீட்டில் தங்கித்தான். அவள் சமையலில் அவன் குற்றம் சொல்வான். அவன் ஓவியத்தில் இவள் குற்றம் சொல்வாள். அக்கா தம்பி என்பதைவிட அம்மா பிள்ளை என்றுதான் தெரு நினைத்துக்கொண்டிருந்தது.

அடுத்த வருஷம் அவனே கூப்பிட்டான்.

“அக்கா, புக்கை மின்னூலா போட்டுடலாமா? அமெரிக்காவுல இருக்கறவன்கூடப் படிப்பான்.”

“அமெரிக்காக்காரனுக்குக் கும்மகோளி எருது எதுக்குடா?”

“நம்ம ஊர்க்காரனுங்கதான் அங்க இருக்கானுங்க. அதெல்லாம் எனக்கு விட்டுடு. ஃபைலை மட்டும் குடு.”

அவளிடம் இருந்த ஃபைல் பழைய கன்னட எழுத்துருவில் அடித்தது. அதை யூனிகோடுக்கு மாற்றினால்தான் போனில் தெரியும். அது பெரிய தொல்லை பிடித்த வேலை. தம்பி செய்கிறேன் என்றதும் அவளுக்கு நிம்மதி. பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

“அந்தக் காலிப் பக்கத்தை மட்டும் விட்டுடாதே, தம்மா.” தம்பியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

“போன்ல பக்கம்னே ஒண்ணு கிடையாது அக்கா. எழுத்தைப் பெருசு பண்ணினா பக்கம் கூடும், சின்னது பண்ணினா குறையும்.”

“அப்ப மூச்சு எங்க விடறது?”

“போனைக் கீழ வெச்சுட்டு விடச் சொல்லு.”

இருவரும் சிரித்தார்கள். மின்னூல் வந்தது. அட்டையையும் முதல் இரண்டு பக்கத்தையும் படம் பிடித்து அனுப்பினான். கண்புரை அறுவைக்குப் பிறகு போன் வெளிச்சம் அவளுக்கு ஆகாது. அட்டையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள், அதோடு விட்டுவிட்டாள். தம்பி செய்ததைச் சரிபார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அச்சுப் புத்தகத்துக்கு வராத பேர் மின்னூலுக்கு வந்தது. யார் யாரோ கூப்பிட்டார்கள். வீட்டு வேலைகளுக்கு நடுவில் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவாள். ஒருநாள் நான் போனபோது கத்திரிக்காயை நாலாகக் கீறி எண்ணெய்க்கறிக்கு மசாலா அடைத்துக்கொண்டிருந்தாள். போனில் மைசூரிலிருந்து பிரமிளா என்று ஒரு அம்மா.

“டீச்சர், படிச்சு முடிச்சு ரெண்டு நாள் ஆச்சு. இன்னும் அந்த வீட்டுலயேதான் இருக்கேன். உங்க அப்பா மாதிரி ஒரு அப்பா எனக்கு இருந்திருந்தா!”

நீலக்காவின் கை நின்றது.

“அப்பாவைச் சொல்றீங்களா?”

“என்ன பாசம்! மூத்த பொண்ணு போனதும் பல நாள் சாப்பிடவே இல்லைன்னு எழுதியிருக்கீங்களே, அங்க அழுதுட்டேன்.”

“அப்படி நான் எழுதலையேம்மா.”

“எழுதியிருக்கீங்களே!”

“ஒன்பதாம் அத்தியாயம் படிச்சீங்களா நீங்க?”

“படிச்சேனே. பச்சை மாங்கா திருடப் போனது. சிரிச்சு சிரிச்சு...”

மாங்காய் திருடியது பத்தாம் அத்தியாயம். நீலக்கா மசாலாக் கையோடு என்னைப் பார்த்தாள். அந்த அம்மாவிடம் எப்படிப் பேசி முடித்தாள் என்று நினைவில்லை. கையைக் கழுவாமலே சொன்னாள்:

“சுமங்களா, உன் போன்ல அந்த புக் இருக்கா? எடு.”

என் போனில் இல்லை. அச்சுப் புத்தகத்தை அவள் கையாலேயே வாங்கிப் படித்தவளுக்கு மின்னூல் எதற்கு? அப்போதுதான் வாங்கினேன். கூடத்துச் சோபாவில் உட்கார்ந்து, மடியில் அச்சுப் பிரதியை விரித்துக்கொண்டாள். நான் போனிலிருந்து படித்தேன், அவள் விரலால் வரி வரியாகத் தொடர்ந்தாள். எட்டாம் அத்தியாயம் முடிகிற இடம் வந்தது. அங்கே அவள் எழுதாத ஒரு வரி இருந்தது.

“அந்த மழைக்காலத்தில் அக்கா கிணற்றில் தவறி விழுந்து இறந்துபோனாள்; அப்பா பல நாள் சாப்பிடவில்லை.”

அடுத்தது மாங்காய்.

‘மத்தியான பஸ்’ எங்குமே இல்லை. பின்னால் தேடினேன், முன்னால் தேடினேன். அவள் என்னை நிறுத்தச் சொன்னாள்.

“அந்த வரியை இன்னொரு தடவை படி.”

படித்தேன்.

“என்னை மாதிரியே எழுதியிருக்கான், பாத்தியா” என்றாள். “நடுவுல அரைப்புள்ளி போடறது என் பழக்கம்.”

அன்றைக்கு அந்தக் கத்திரிக்காய் அடுப்பேறவில்லை. தம்பியைக் கூப்பிடு என்று நான் சொன்னேன். பஞ்சமிக்கு வருவான், முகத்தைப் பார்த்துத்தான் கேட்பேன் என்றாள். நாகபஞ்சமிக்கு எங்கள் பக்கத்தில் பெண்கள்தான் தாய்வீட்டுக்குப் போவார்கள். அவர்கள் வீட்டில் அது தலைகீழ். அவ்வா போனபிறகு சங்கமேஷ்தான் அக்கா வீட்டுக்கு வருவான். அதுவரைக்கும் அவனோடு போனில் மழையைப் பற்றியும் மூட்டுவலியைப் பற்றியும் சாதாரணமாகப் பேசினாள். எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றுவரைக்கும் புரியவில்லை.

பஞ்சமியன்று எள்ளுருண்டை, கடலை உருண்டை, சோளப்பொரி எல்லாம் தட்டில் வைத்து அவன் முன்னால் நீட்டினாள். என்னையும் வரச்சொல்லியிருந்தாள். தனியாக இருந்தால் தான் மென்மையாகிவிடுவோம் என்று பயந்தாளோ என்னவோ. அவன் ஒரு உருண்டையைக் கடித்ததும் கேட்டாள்:

“ஒன்பதாம் அத்தியாயத்தை எப்போ வெட்டினே?”

அவன் மெல்வதை நிறுத்தினான். “வெட்டலக்கா. எடுத்து வெச்சிருக்கேன்.”

“எங்க? பீரோவுலயா?”

“அக்கா, கேளு. சஹனாவுக்கு தாவணகெரேயில சம்பந்தம் பேசிக்கிட்டிருக்கோம். பெரிய குடும்பம். அவங்கெல்லாம் போன்லதான் படிப்பாங்க. என் பொண்ணோட தாத்தா, பெத்த மகளை வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பினவரு, அவ கிணத்துல விழுந்தான்னு அவங்க படிக்கணுமா?”

“அனுப்பினாரா, இல்லையா?”

“அனுப்பினாரு.”

“அப்பறம்?”

“அச்சுல இருக்குதே! அதை நான் தொட்டேனா? முன்னூறு பேரு படிச்சாச்சு. நெட்ல போட்டா சாகறவரைக்கும் போகாதுக்கா. அப்பா பேருல ஸ்கூல் இருக்கு.”

“லீலக்கா பேருல என்னடா இருக்கு?”

அவன் தட்டைத் தள்ளிவைத்தான். வேறு குரலில் பேசினான்.

“அதுல என் பேரும் இருக்கு.”

“என்னது?”

“ ‘சங்கமேஷ் தோட்டத்துக்கு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னான்.’ அப்படின்னு எழுதியிருக்க. எனக்கு அது ஞாபகமே கிடையாது. நான் போய்ச் சொன்னதாலதான் அப்பா வந்தாருன்னு எனக்குத் தெரியாது. அம்பது வருஷமா நீ சொல்லல. உன் வீட்டுல அஞ்சு வருஷம் சோறு தின்னேன், அப்பவும் சொல்லல. புக்குல போட்டு ஊருக்குச் சொன்னே. என்கிட்ட சொல்லல.”

“புக்கு வந்தப்பவே உனக்குக் குடுத்தேனே. படிக்கலையா நீ?”

அவன் தலை குனிந்தான். “ஷோகேஸ்ல வெச்சேன். ஃபைலை மாத்தும்போதுதான் படிச்சேன்.”

நீலக்காவின் முகத்தில் ஒரு கணம் ஏதோ இளகியதை நான் பார்த்தேன்.

“நீ குழந்தை, தம்மா. அக்கா வந்துட்டான்னு சந்தோஷத்துல ஓடின. அதைத்தான் எழுதினேன். உனக்கு வலிக்கும்னு எனக்குத் தோணல. தப்புதான். அன்னிக்கே ஒரு போன் பண்ணி ‘அக்கா, இந்த வரி என்னைக் குத்துது’ன்னு சொல்லியிருந்தா நானே எடுத்திருப்பேன்.”

“சரி, இப்ப...”

“இரு. நீ ஒரு வரி எடுக்கல. லீலக்காவையே எடுத்துட்டே. அவளை அப்பா ஒரு தடவை திருப்பி அனுப்பினாரு. நான் எத்தனையோ வருஷம் கழிச்சு அவளை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்தேன். நீ மறுபடியும் அனுப்பிட்டே. அதையாவது பயந்து செஞ்சேன்னு சொல்லலாம். என் பேர்ல ஒரு பொய் எழுதினியே, அதுக்கு என்ன சொல்லுவே? அப்பா பல நாள் சாப்பிடலையா? சேதி வந்த அன்னிக்குச் சாயங்காலமே ரொட்டி சாப்பிட்டாரு. ரெண்டாவது ரொட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. பரிமாறினவ நான்.”

சங்கமேஷ் கையைப் பிசைந்தான். திரும்பச் சேர்த்துப் போட்டுவிடுகிறேன் என்றான். வாக்குக் கொடுத்தான். மறுநாள் காலை கிளம்பும்போது காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவள் தலையில் கைவைத்தாள்.

ஒரு மாதம் போயிற்று. அவள் தினமும் என்னைக் கேட்பாள், நான் போனில் பார்ப்பேன். அதே மாங்காய். பிறகு ஒருநாள் பார்த்தால் புத்தகமே காணோம். அவளே தம்பியைக் கூப்பிட்டாள்.

“யோசிச்சுப் பாத்தேன்க்கா. இதுவும் வேண்டாம், அதுவும் வேண்டாம்னு எடுத்துட்டேன்” என்றான். “நிம்மதியா இருக்கட்டும் எல்லாரும்.”

“யாருடா எல்லாரும்?” என்று கேட்டாள். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

அன்று அவள் அழுததை நான் பார்த்தேன். பஞ்சமியன்று அழவில்லை, மைசூர் அம்மா கூப்பிட்ட அன்றும் அழவில்லை. “கால்ல விழுந்து கும்பிட்டான் சுமங்களா” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். “அப்பவே தெரிஞ்சிருக்கும் அவனுக்கு.”

மறுபடியும் அதே கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனாள். பழைய எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றியபோது கன்னட எழுத்துகளின் காலடியில் ஒட்டியிருக்கும் ஒத்தெழுத்துகள் பாதி கழன்று விழுந்துவிட்டன. அப்பா ‘அபா’ ஆனார், அக்கா ‘அகா’ ஆனாள். திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, எழுத்தைத் தேங்காய் அளவு பெரிதாக்கி, கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினாள். கண்ணில் நீர் வடியும். நான் படித்துக் காட்டுகிறேன் என்றால் கேட்கமாட்டாள். “இனி என் புக்கை நான்தான் பாப்பேன்” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவளைக் குற்றம் சொல்ல முடியவில்லை.

குளிர்காலம் முடிவதற்குள் புத்தகம் அவள் பெயரில், அவள் கணக்கில் வெளிவந்தது. ‘மத்தியான பஸ்’ஸை முழுதாக வைத்திருந்தாள். தம்பி ஓடிய இடத்தில் மட்டும் அவன் பெயரை எடுத்துவிட்டு ‘சின்னவன்’ என்று மாற்றியிருந்தாள். அதற்குப் பக்கத்தில் ஒரு வரி புதிதாகச் சேர்த்திருந்தாள்: “அன்று அக்காவைப் பார்த்துச் சிரித்தவன் அவன் ஒருவன்தான்.”

அவனுக்குத் தகவல் அனுப்பினாள். நீல நிற டிக் இரண்டு விழுந்தது. பதில் இல்லை.

சஹனாவின் கல்யாணம் தாவணகெரேயில் நடந்தது. பத்திரிகை தபாலில் வந்தது. நேரில் வந்து கொடுக்கவில்லை. போகாதே என்றேன். “பொண்ணு என்ன பண்ணினா?” என்று சொல்லிவிட்டு, இல்கல் புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். துணைக்கு நானும் போனேன். பந்தலில் சங்கமேஷ் அவளை மாப்பிள்ளையின் அப்பா அம்மாவிடம் கூட்டிப் போனான். எல்லார் முன்னாலும் அப்படித்தானே செய்ய வேண்டும்.

“எங்க பெரியக்கா” என்றான்.

லீலக்கா இருந்ததே அந்த வார்த்தையில் இல்லாமல் போயிற்று. நீலக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா முகமெல்லாம் சிரிப்பாக, “தெரியுமே! புக்கு எழுதினவங்கதானே? நிச்சயத்துக்கு முன்னாடியே நாங்க எல்லாரும் படிச்சோம். எவ்வளவு அன்பான வீடு!” என்றார்.

சங்கமேஷ் அவசரமாக, “அக்கா, சாப்பாடு மாடியில...” என்று ஆரம்பித்தான்.

“நீங்க படிச்சதுல ஒரு அத்தியாயம் இல்லைம்மா” என்றாள் நீலக்கா. “நான் ரெண்டாவது பொண்ணு. பெரியவ வேற ஒருத்தி இருந்தா. விலாசம் குடுங்க, அச்சுப் புத்தகம் அனுப்பறேன்.”

அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் விலாசம் சொன்னார். சங்கமேஷ் அங்கிருந்து நகர்ந்துவிட்டான். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்வரை அவன் எங்கள் பக்கம் வரவில்லை. ரயிலில் நீலக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து ராணேபென்னூர் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, “சாப்பாட்டுல உப்பு கம்மி” என்றாள்.

புத்தகத்தை அனுப்பினாள். சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. சஹனாவுக்கும் அதனால் ஒன்றும் நேர்ந்ததாகத் தெரியவில்லை. மாசமாக இருக்கிறாளாம், உறவினர் ஒருவர் சொன்னார். எதற்குப் பயந்து தம்பி அதையெல்லாம் செய்தானோ அது நடக்கவே இல்லை. ஆனாலும் அவன் அதன்பிறகு அக்காவைக் கூப்பிடவில்லை. இவளும் கூப்பிடவில்லை.

புதிய மின்னூலை வாங்குகிறவர்கள் குறைவு. பழையதை வாங்கியவர்கள் போனில் அது அப்படியே இருக்கிறது. அதை யாரும் திரும்பப் பிடுங்க முடியாது. சென்ற வாரம் ஒருவர் புத்தகத்தின் கீழே கருத்து எழுதியிருந்தார். பெயர் போடவில்லை. நீலக்கா பூதக்கண்ணாடி வைத்து அதைத் தானே படித்தாள், பிறகு எனக்கும் காட்டினாள்.

“முந்தின பதிப்பு மனதுக்கு இதமாக இருந்தது. இதில் தேவையில்லாத சோகத்தைச் சேர்த்துவிட்டார்கள்.”

“சங்கமேஷா இருக்குமோ?” என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

“இல்லை” என்றாள். “அவன் எழுதியிருந்தா நடுவுல அரைப்புள்ளி போட்டிருப்பான்.”

பூதக்கண்ணாடியை உறையில் போட்டுவிட்டுக் காய் வாங்கப் பையை எடுத்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. குடை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.